துத்தநாகச் சுத்திகரிப்பு ஆலை: இயக்கமும் வணிகமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துத்தநாகம் தயாரிக்கும் நிறுவனங்களைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் பங்கு விலையோடும் லண்டன் சந்தை விலையோடும் நின்றுவிடுகின்றன. ஆலைக்குள் என்ன நடக்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது, விலை ஏறும்போதும் சில ஆலைகள் ஏன் மூடப்படுகின்றன ஆகிய கேள்விகளுக்கு விடை தேடுவோருக்காக இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, குறிப்பாக ராஜஸ்தானிலிருந்தும் கேரளத்தின் எடயாறிலிருந்தும் எடுக்கப்பட்டவை.

சுரங்கமும் சுத்திகரிப்பு ஆலையும் ஒன்றல்லவா?

அல்ல. சுரங்கத்தில் வெட்டி எடுக்கப்படும் பாறையில் துத்தநாகம் நூற்றுக்கு ஐந்து, பத்து என்ற அளவில்தான் இருக்கும். பில்வாரா மாவட்டத்தின் ராம்புரா ஆகுச்சாவைப் போலப் பத்துக்கு மேல் தரும் சுரங்கங்கள் உலகில் மிகச் சில. அந்தப் பாறையைச் சுரங்கத்தின் அருகிலேயே மாவாக அரைத்து, நீரும் வேதிப்பொருள்களும் சேர்த்து நுரைக்கவைத்து, நுரையோடு மிதந்துவரும் துத்தநாக சல்ஃபைடை மட்டும் வழித்தெடுக்கிறார்கள். இப்படிக் கிடைக்கும் கருஞ்சாம்பல் நிறப் பொடியில் துத்தநாகம் 50 முதல் 55 சதவீதம் வரை இருக்கும். இதற்கு அடர்தாது என்று பெயர். சுரங்கத்தின் விற்பனைப் பொருள் இந்த அடர்தாது. சுத்திகரிப்பு ஆலையின் மூலப்பொருளும் இதுவே. இரண்டும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆலையின் தலையெழுத்தையே மாற்றும் வேறுபாடு அது.

இந்தியாவில் இத்தகைய ஆலைகள் எங்கே உள்ளன?

இன்று இயங்குபவை எல்லாம் ராஜஸ்தானில், இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்தின் வசம் உள்ளன. 1966-இல் பொதுத்துறை நிறுவனமாகத் தொடங்கப்பட்ட அது, உதயப்பூருக்கு அருகிலுள்ள தேபாரியில் 1968-இல் தன் முதல் ஆலையை இயக்கியது. 1977-இல் விசாகப்பட்டினம், 1991-இல் சித்தோர்கர் மாவட்டத்தின் சந்தேரியா, 2010-இல் ராஜ்சமந்த் மாவட்டத்தின் தரிபா என ஆலைகள் தொடர்ந்தன. சந்தேரியாவில் முதலில் வந்தது ஈயத்தையும் துத்தநாகத்தையும் ஒரே உலையில் பிரிக்கும் பழைய முறை. கரைசலில் மின்சாரம் செலுத்தி உலோகத்தைப் படியவைக்கும் மின்பகுப்பு முறை அங்கே 2005-இல் சேர்ந்தது. விசாகப்பட்டின ஆலை 2012-இல் மூடப்பட்டது.

2002-இல் ஒன்றிய அரசு தன் பங்கில் 26 சதவீதத்தை ஸ்டெர்லைட் குழுமத்துக்கு விற்றது. அடுத்தடுத்த கொள்முதல்களால் அக்குழுமத்தின் பங்கு 64.92 சதவீதமாக உயர்ந்தது. அக்குழுமமே இன்றைய வேதாந்தா. நிறுவனத்தின் கால் பங்குக்கும் மேல் இன்னும் ஒன்றிய அரசிடம் இருப்பதால், இதன் ஈவுத்தொகை அறிவிப்புகளை நிதி அமைச்சகமும் கவனிக்கிறது.

தென்னிந்தியாவில் ஆலுவாவுக்கு அருகே, பெரியாற்றின் கரையில், எடயாறில் ஓர் ஆலை இருந்தது. 1967-இல் கோமின்கோ பினானி ஜிங்க் என்ற பெயரில் தொடங்கி, ஆண்டுக்கு 38,000 டன் வரை வளர்ந்து, 2014-இல் உற்பத்தியை நிறுத்தியது. அது ஏன் நின்றது என்பதைப் பின்னால் வரும் கணக்கு விளக்கும்.

தாதுவை ஏன் முதலில் வறுக்கிறார்கள்?

அடர்தாதுவில் துத்தநாகம் கந்தகத்தோடு பிணைந்திருக்கிறது. அந்த நிலையில் அது நீர்த்த அமிலத்தில் எளிதில் கரையாது. ஆகவே அடியிலிருந்து காற்றைச் செலுத்திப் பொடியை அந்தரத்தில் கொதிக்கவைப்பது போல மிதக்கவிடும் உலையில், 900 முதல் 950 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதை வறுக்கிறார்கள். தாதுவில் உள்ள கந்தகமே எரிபொருள். உலை ஒருமுறை பற்றிக்கொண்டபின் வெளியிலிருந்து எண்ணெயோ நிலக்கரியோ தேவைப்படுவதில்லை. மிஞ்சும் வெப்பத்தில் நீராவி தயாரித்து அதிலிருந்து சிறிது மின்சாரமும் எடுக்கலாம். உலையிலிருந்து துத்தநாக ஆக்சைடு ஒரு பக்கமும், கந்தக டை ஆக்சைடு வாயு மறு பக்கமும் வெளியேறுகின்றன. வாயு தூசி நீக்கப்பட்டு, கழுவப்பட்டு, பாதரசம் இருந்தால் அதுவும் பிரிக்கப்பட்டு, கந்தக அமிலம் தயாரிக்கும் அமில ஆலைக்குச் செல்கிறது.

அமிலத்தில் கரைத்தபின் இரும்பு ஏன் இவ்வளவு பெரிய தொல்லையாகிறது?

அடர்தாதுவில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இரும்பு இருக்கும். வறுக்கும்போது இந்த இரும்பு துத்தநாகத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு துத்தநாக ஃபெரைட் என்ற பிடிவாதமான சேர்மமாகிவிடுகிறது. மென்மையான அமிலத்தில் அது கரைவதில்லை; சூடான, கடுமையான அமிலத்தில் கரைத்தால் துத்தநாகத்தோடு இரும்பும் சேர்ந்தே கரைசலுக்குள் வந்துவிடுகிறது. கரைந்த இரும்பைத் திரும்ப வீழ்படிவாக்க முயன்றால் வடிகட்ட முடியாத கூழாகிவிடும் என்பதால், 1960-கள் வரை பல ஆலைகள் ஃபெரைட்டை அப்படியே குவித்துவைத்தன. நூற்றுக்குப் பத்துக்கும் மேல் துத்தநாகம் அந்தக் குவியலில் கிடந்தது.

1960-களில் ஸ்பெயின், நார்வே, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிறுவனங்கள் தனித்தனியாக, ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே தீர்வைக் கண்டடைந்தன. சோடியம் அல்லது அம்மோனியம் அயனிகளைச் சேர்த்துச் சூடாக்கினால் இரும்பு ஜரோசைட் என்ற மஞ்சள் படிகமாக இறங்குகிறது. அதை எளிதில் வடிகட்டலாம். துத்தநாக மீட்பு 95 சதவீதத்தைத் தாண்டியது அதன் பிறகுதான். அதற்கு ஈடாக ஆலைகளுக்கு ஜரோசைட் குட்டைகள் வந்து சேர்ந்தன.

கரைசலைத் தூய்மையாக்குவதில் ஏன் அவ்வளவு கண்டிப்பு?

வேதியியல் புத்தகத்தின்படி பார்த்தால், அமிலக் கரைசலில் மின்சாரம் செலுத்தும்போது துத்தநாகத்துக்கு முன்பாக ஹைட்ரஜன்தான் வெளிவர வேண்டும். துத்தநாகப் பரப்பில் ஹைட்ரஜன் வாயு உருவாவதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதால் மட்டுமே உலோகம் படிகிறது. அந்தத் தடையை உடைக்கும் அசுத்தங்கள் சில உண்டு. ஜெர்மானியம், ஆன்டிமனி, கோபால்ட், நிக்கல் போன்றவை லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான அளவில் இருந்தாலே படிந்த துத்தநாகம் மீண்டும் கரையத் தொடங்கும். ஃப்ளோரைடு வேறு விதமாகத் தொல்லை தரும். அது கூடினால் துத்தநாகம் அலுமினியத் தகட்டோடு ஒட்டிக்கொண்டு உரிக்க வராது.

இவற்றை நீக்கப் பயன்படுவது துத்தநாகத் தூளேதான். கரைசலில் தூளைத் தூவினால் செம்பு, காட்மியம், நிக்கல் போன்றவை உலோகமாக வெளியேறி, அவற்றின் இடத்தைத் துத்தநாகம் எடுத்துக்கொள்கிறது. கோபால்ட்டை வெளியேற்ற ஆர்செனிக்கோ ஆன்டிமனியோ துணைக்கு வேண்டும். ஆர்செனிக் முறையில் ஆர்சைன் என்ற கொடிய நச்சு வாயு உருவாகும் வாய்ப்பு இருப்பதால், அந்தப் பகுதியில் வாயு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் யாரையும் அனுமதிக்கக் கூடாது. ஆலையில் கண்ணுக்கு மிகச் சாதுவாகத் தெரியும் பகுதி இது. பாதுகாப்பு அதிகாரிகள் அதிகம் அஞ்சுவதும் இதைத்தான்.

மின்பகுப்புக் கூடத்தில் அன்றாடம் என்ன நடக்கிறது?

ஆலை ஊழியர்கள் 'செல் ஹவுஸ்' என்று அழைக்கும் இந்த நீண்ட கூடத்தில் நூற்றுக்கணக்கான தொட்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தொட்டியிலும் வெள்ளி சிறிதளவு கலந்த ஈயத் தகடுகளும் அலுமினியத் தகடுகளும் மாறி மாறித் தொங்கும். ஈயம் நேர்மின்வாய், துத்தநாகம் படிவது அலுமினியத்தில். ஒன்று முதல் இரண்டு நாள்களில் தகட்டின் இருபுறமும் ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை உலோகம் படிந்ததும், கிரேன் தகடுகளைத் தூக்கி உரிக்கும் இயந்திரத்துக்குக் கொண்டுசெல்லும். இயந்திரத்தின் கத்தி மேல்விளிம்பில் நுழைந்ததும் துத்தநாகத் தாள் முழுதாகப் பிரிந்து விழும். அலுமினியத் தகடு தேய்க்கப்பட்டுத் தொட்டிக்குத் திரும்பும். பழைய ஆலைகளில் இதைக் கையாலேயே செய்தார்கள். தோள்பட்டையையும் இடுப்பையும் பதம் பார்க்கும் வேலை அது.

இக்கூடத்தின் அன்றாடப் போராட்டம் குறுக்குச் சுற்றோடுதான். படியும் துத்தநாகம் ஓரிடத்தில் முடிச்சாக வளர்ந்து எதிரிலுள்ள ஈயத் தகட்டைத் தொட்டுவிட்டால், அங்கே மின்சாரம் வீணாகி வெறும் வெப்பமாகிறது. அகச்சிவப்புக் கேமராவில் அந்தத் தகடு மட்டும் வெளிச்சமாகத் தெரியும். ஊழியர் அதைப் பிரித்துச் சரிசெய்வார். கூடம் முழுவதும் நுண்ணிய அமிலத் திவலைகள் மிதப்பதால் முகக்கவசம் கட்டாயம். காந்தப்புலம் வலுவாக இருக்கும் என்பதால் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் உள்ளே செல்ல அனுமதி இல்லை.

துத்தநாகத்தை இழந்து அமிலத்தில் செறிந்த கரைசல், வறுத்த தாதுவைக் கரைக்கும் தொட்டிக்கே திரும்பிப் போகிறது. எனவே முழு ஆலையும் ஒரே மூடிய சுழற்சி. ஓரிடத்தில் நுழைந்த அசுத்தம் தானாக வெளியேறுவதில்லை.

மின்சாரம் தடைபட்டால் என்ன ஆகும்?

படிந்த துத்தநாகம் அமிலத்திலேயே நிற்பதால் உடனே கரையத் தொடங்கி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். உற்பத்தி இழப்போடு தீ விபத்தின் ஆபத்தும் சேர்கிறது. இதனால் முழு மின்சாரம் இல்லாத வேளையிலும் உலோகம் கரையாமல் காக்கும் அளவுக்குச் சிறு மின்னோட்டம் தர மாற்று ஏற்பாடு வைத்திருப்பார்கள். தடை நீண்டால் தகடுகளை வெளியே தூக்கிவிடுவதே வழி.

ஒரு டன் துத்தநாகத்துக்கு எவ்வளவு மின்சாரம் தேவை?

ஒரு டன் துத்தநாகம் படிய ஏறக்குறைய 8,20,000 ஆம்பியர்-மணி மின்னோட்டம் வேண்டும் என்பது இயற்கை விதித்த அளவு. அதில் யாரும் பேரம் பேச முடியாது. தொட்டி மின்னழுத்தம் 3.3 வோல்ட், மின்னோட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு பயன்படுகிறது என்று வைத்துக்கொண்டால், கணக்கு 3,000 யூனிட்டில் வந்து நிற்கும். பம்புகள், காற்று ஊதிகள், அமில ஆலை, வார்ப்புலை ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்தம் 4,000 யூனிட்டை நெருங்கும். ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் தயாரிக்கும் ஆலைக்கு இரவு பகல் இடைவிடாமல் சுமார் 90 மெகாவாட் வேண்டும் என்பது இதன் பொருள்.

இதனால்தான் துத்தநாக ஆலைகளின் வரைபடத்தைப் பார்த்தால் அது மலிவான மின்சாரத்தின் வரைபடமாகவும் இருக்கிறது. தாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகருக்கு அருகே 1916-இல் அமைக்கத் தொடங்கிய ஆலை அத்தீவின் நீர்மின்சாரத்தை நம்பி வந்தது. ராஜஸ்தானில் இந்துஸ்தான் ஜிங்க் சொந்த நிலக்கரி மின்நிலையங்களைக் கட்டிக்கொண்டது.

இத்தகைய ஆலைக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

துத்தநாகத்தை விற்பதால் என்ற விடை பாதி மட்டுமே சரி. தாதுவை வெளியிலிருந்து வாங்கும் ஆலை, உலோகத்தின் விலையில் பெரும்பகுதியைச் சுரங்கத்துக்கே கொடுத்துவிடுகிறது. அதன் வருமானம் கூலி அரவை மில்லின் வருமானத்தைப் போன்றது: அரவைக் கூலி ஒரு பக்கம், மில்லில் தங்கும் தவிடு மறுபக்கம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு டன் உலர் அடர்தாதுவில் 50 சதவீதம், அதாவது 500 கிலோ துத்தநாகம் இருக்கிறது. சந்தை விலை டன்னுக்கு 3,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உலகெங்கும் வழக்கிலுள்ள ஒப்பந்த விதியின்படி, ஆலை இதில் 85 சதவீதத்துக்கே விலை கொடுக்கும். அதுவும் குறைந்தபட்சம் எட்டு சதவீதப் புள்ளிகளைக் கழித்தாக வேண்டும். ஐம்பதில் 85 சதவீதம் எடுத்தால் கழிவு ஏழரைப் புள்ளியே என்பதால், இங்கே எட்டைக் கழிக்கும் விதியே பொருந்தும். ஐம்பதில் எட்டுப் போக 42 சதவீதம், அதாவது 420 கிலோவுக்குப் பணம்: 1,260 டாலர். அதிலிருந்து சுத்திகரிப்புக் கூலியையும் கழித்துக்கொள்ளும். கூலி 165 டாலர் என்றால் சுரங்கத்துக்குப் போய்ச்சேருவது 1,095 டாலர்.

ஆலை திறமையாக இயங்கினால் அந்த 500 கிலோவில் 97 சதவீதத்தை, அதாவது 485 கிலோவை மீட்டெடுக்கும். அதன் விலை 1,455 டாலர். வித்தியாசம் 360 டாலர். இதில் 165 டாலர் கூலி. எஞ்சிய 195 டாலர், விலை கொடுக்காமல் கையில் தங்கிய 65 கிலோ உலோகத்தின் மதிப்பு. இந்தத் தொழிலில் 'இலவச உலோகம்' என்று இதைத்தான் சொல்கிறார்கள். மீட்பு விகிதத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் டன் தாதுவுக்கு 5 கிலோ, 15 டாலர் போய்விடும் என்பதால், கரைக்கும் பிரிவின் பொறியாளர்கள் அரை சதவீதத்துக்குக் கூட மல்லுக்கு நிற்கிறார்கள்.

இப்போது மின்கட்டணத்தைச் சேர்ப்போம். 485 கிலோ தயாரிக்க ஏறக்குறைய 1,940 யூனிட். யூனிட் 5 சென்ட் என்றால் செலவு 97 டாலர். 10 சென்ட் என்றால் 194 டாலர். கூலி 80 டாலருக்கு இறங்கி, மின்சாரம் 10 சென்ட்டுக்கு ஏறினால், 275 டாலரில் 194 போக 81 டாலரே மிஞ்சும். சம்பளம், பராமரிப்பு, துத்தநாகத் தூள், கழிவு மேலாண்மை, வட்டி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அமில விற்பனை, சந்தை விலைக்கு மேல் உள்ளூரில் கிடைக்கும் பிரீமியம், துணை உலோகங்கள் ஆகியவை கைகொடுக்காவிட்டால் அந்த ஆலை நஷ்டத்தில்தான் ஓடும்.

சுத்திகரிப்புக் கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள்?

ஆண்டுதோறும் பெரிய சுரங்க நிறுவனம் ஒன்றும் பெரிய ஆலை ஒன்றும் பேசி முடிக்கும் தொகையை மற்றவர்கள் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். அண்மைக் காலத்தில் கனடாவின் டெக் நிறுவனமும் தென்கொரியாவின் கொரியா ஜிங்க் நிறுவனமும் முடிக்கும் ஒப்பந்தமே பெரும்பாலும் அந்த இடத்தில் இருந்துவருகிறது. அடர்தாது டன்னுக்கு 2023-இல் 274 டாலராக இருந்த கூலி, 2024-இல் 165 ஆகவும், 2025-இல் 80 ஆகவும் வீழ்ந்தது. தாது குறைவாகவும் அதை வாங்கத் துடிக்கும் ஆலைகள் அதிகமாகவும் இருக்கும்போது கூலி இறங்கும்; தாது குவிந்தால் ஏறும். உலகச் சுத்திகரிப்பில் பாதியை நெருங்கும் பங்கை வைத்திருக்கும் சீனாவில், ஆண்டு ஒப்பந்தத்துக்கு வெளியே அவ்வப்போது பேசப்படும் உடனடிச் சந்தைக் கூலி 2024-இல் பூஜ்யத்துக்கும் கீழே போனது. அரைத்துக் கொடுக்க மில்காரரே காசு கொடுத்த நிலை அது.

அப்படியானால் எடயாறு ஆலை நின்றதும் இந்துஸ்தான் ஜிங்க் லாபம் ஈட்டுவதும் இதனால்தானா?

பெரும்பகுதி இதனால்தான். எடயாறு ஆலைக்குச் சொந்தச் சுரங்கம் இல்லை; கொச்சித் துறைமுகம் வழியாக வந்த தாதுவையும் வெளியிலிருந்து வாங்கிய மின்சாரத்தையும் நம்பியிருந்தது. 38,000 டன் என்ற அளவு, உலகின் புதிய ஆலைகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. அமில ஆலைக்கும் கழிவு மேலாண்மைக்கும் ஆகும் நிலையான செலவு குறைவான டன்களின் மேல் ஏறியது. கூலியும் மின்கட்டணமும் எதிரெதிர்த் திசையில் நகரும் ஆண்டுகளைத் தாங்கும் சதை அதற்கு இல்லை.

இந்துஸ்தான் ஜிங்க்கில் தாது சொந்தம். கூலி குறைந்தால் ஆலையின் கணக்கில் இழப்பது சுரங்கத்தின் கணக்கில் வரவாகிறது. ஆகவே அந்நிறுவனத்தின் லாபத்தைக் காட்டி 'துத்தநாகச் சுத்திகரிப்பு லாபமான தொழில்' என்று முடிவுகட்டுவது சரியல்ல. அந்த லாபத்தின் பெரும்பகுதி ஆகுச்சாவின் பாறையில் இருக்கிறது. பங்கு முதலீட்டாளர்கள் பலரும் கவனிக்கத் தவறுவது இதையே.

உலோக விலை உச்சத்தில் இருந்தபோது ஐரோப்பிய ஆலைகள் ஏன் உற்பத்தியைக் குறைத்தன?

2021 அக்டோபரில் நிர்ஸ்டார் நிறுவனம் நெதர்லாந்தின் புடெல், பெல்ஜியத்தின் பாலன், பிரான்சின் ஓபி ஆகிய மூன்று ஆலைகளிலும் உற்பத்தியைப் பாதி வரை குறைப்பதாக அறிவித்தது. எரிவாயு விலை ஏற்றத்தால் மின்சாரம் எட்டாத உயரத்துக்குப் போனதே காரணம். அந்தக் குறைப்பே உலோக விலையை மேலும் ஏற்றியது. 2022 செப்டம்பரில் புடெல் ஆலை முற்றிலும் நிறுத்தப்பட்டு, பிறகு திறக்கப்பட்டு, 2024 தொடக்கத்தில் மீண்டும் சில மாதங்கள் நின்றது. மேற்கண்ட கணக்கில் யூனிட் விலையை 20 சென்ட் என்று போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும்.

தாது வாங்கும்போது எடையையும் தரத்தையும் எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

அடர்தாது ஈரமாக வரும்; பணம் உலர் எடைக்குத்தான். ஈரப்பதம் நூற்றுக்கு எட்டு, பத்து என்று இருப்பதால், ஈரத்தைத் தவறாக அளந்தால் ஆயிரக்கணக்கான டன் கப்பலில் பெருந்தொகை கைமாறிவிடும். எனவே இறக்கும்போதே குறித்த இடைவெளியில் மாதிரி எடுத்து, கலந்து, பல பங்குகளாகப் பிரித்து முத்திரையிடுகிறார்கள். ஒரு பங்கு விற்பவருக்கு, ஒரு பங்கு வாங்குபவருக்கு, ஒரு பங்கு நடுவர் ஆய்வகத்துக்கு. இரு தரப்பும் தத்தம் முடிவுகளைக் குறித்த நாளில் பரிமாறிக்கொள்ளும். வேறுபாடு ஒப்பந்த வரம்புக்குள் இருந்தால் சராசரி எடுக்கப்படும். மீறினால் நடுவரின் பங்கு பிரிக்கப்படும். இரும்பு, சிலிக்கா, பாதரசம், ஃப்ளோரைடு போன்றவை வரம்பு மீறினால் அபராதம் கழிக்கப்படும். தாதுவில் வெள்ளி இருந்தால் அதற்குச் சுரங்கத்துக்கு விலை உண்டு. டன்னுக்கு மூன்று அவுன்ஸ் கழித்து மீதியில் 70 சதவீதத்துக்கு விலை தருவது பரவலான வழக்கம்.

விற்கும் துத்தநாகத்தில் எத்தனை தரங்கள் உண்டு?

உரித்த தாள்கள் மின்தூண்டல் உலையில் உருக்கப்பட்டு 25 கிலோ கட்டிகளாகவோ, ஒரு டன் எடையுள்ள பெருங்கட்டிகளாகவோ வார்க்கப்படுகின்றன. லண்டன் உலோகச் சந்தை ஏற்பது 99.995 சதவீதத் தூய்மை மட்டுமே. அங்கே ஓர் ஒப்பந்தம் 25 டன். இரும்புக்கு முலாம் பூசுவோர் சற்றுக் குறைந்த தரத்தையும் வாங்குகிறார்கள். உலகில் பயன்படும் துத்தநாகத்தில் ஏறக்குறைய பாதி இந்த முலாமுக்கே போகிறது, ஜி.ஐ. குழாய், மின்கோபுரம், கூரைத்தகடு எல்லாம் அதன் கணக்கில் சேரும். மீதி பித்தளை, அச்சு வார்ப்பு, ரப்பருக்கான ஆக்சைடு எனப் பிரிகிறது.

கந்தக அமிலம் ஆலைக்கு வரமா, சுமையா?

இரண்டும் ஆகும். ஒரு டன் துத்தநாகத்துக்கு ஏறக்குறைய ஒன்றேமுக்கால் டன் அமிலம் உற்பத்தியாகிறது; அதாவது ஆலையிலிருந்து வெளியேறும் லாரிகளில் உலோகத்தைவிட அமிலமே அதிகம். உரத் தொழில் நன்றாக இருக்கும் ஆண்டில் அது நல்ல வருமானம். வாங்க ஆள் இல்லாதபோது தொட்டி நிரம்பும். நிரம்பினால் வறுக்கும் உலையை நிறுத்த வேண்டும், வாயுவைக் காற்றில் விட அனுமதி இல்லை. அமிலம் விற்காததால் துத்தநாகம் நிற்கும் நிலை வெளியாருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆலை மேலாளருக்கு அப்படி இல்லை.

துணை உலோகங்கள் உண்மையிலேயே பொருட்படுத்தத்தக்கவையா?

நாளுக்கு நாள் கூடுதலாக. காட்மியம், செம்பு ஆகியவை தூய்மையாக்கும் பிரிவிலும், ஈயமும் வெள்ளியும் கரையாத கசடிலும், இண்டியம், ஜெர்மானியம் ஆகியவை சில தாதுகளிலும் கிடைக்கின்றன. இந்துஸ்தான் ஜிங்க் 2024-25 நிதியாண்டில் 687 டன் வெள்ளி தயாரித்தது. அதன் பெரும்பகுதி ஈயத் தாதோடு வருவது. 2023 ஆகஸ்டில் சீனா காலியம், ஜெர்மானியம் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமாக்கிய பிறகு, அரசுகளே இந்த ஆலைகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கின. 2025 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய ஒன்றிய அரசும் இரு மாநில அரசுகளும் சேர்ந்து, ஹோபார்ட் துத்தநாக ஆலைக்கும் போர்ட் பிரீ ஈய ஆலைக்கும் 13.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் உதவி அறிவித்தன. ஜெர்மானியம், இண்டியம், ஆன்டிமனி ஆகியவற்றை மீட்கும் ஆய்வு அதன் நிபந்தனைகளில் ஒன்று.

ஜரோசைட் கழிவை என்ன செய்கிறார்கள்?

பழைய வழக்கம், அடியில் நீர்புகாத விரிப்பிட்ட குட்டைகளில் கொட்டிவைப்பது. ஹோபார்ட் ஆலை 1997 வரை கடலிலேயே கொட்டியது. ஜரோசைட்டில் ஈயம், காட்மியம், ஆர்செனிக் ஆகியவற்றின் எச்சங்கள் இருப்பதால் மழைநீரில் அவை கசிந்து நிலத்தடி நீரைத் தொடும் ஆபத்து எப்போதும் உண்டு. சுண்ணாம்பும் சிமென்டும் கலந்து கெட்டிப்படுத்தி ஜரோஃபிக்ஸ் என்ற பொருளாக்கும் முறை ராஜஸ்தானில் கைக்கொள்ளப்படுகிறது. அதைச் சாலை மேடுகளுக்குப் பயன்படுத்துவது குறித்து மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு செய்துள்ளது. கசடை உயர் வெப்பத்தில் புகையவைத்துத் துத்தநாகத்தையும் ஈயத்தையும் மீட்டு, எஞ்சியதைக் கண்ணாடி போன்ற கசடாக்குவது சிறந்த தீர்வு. செலவும் அதற்கேற்ப அதிகம்.

கழிவுநீர் விஷயத்தில் அலட்சியம் வணிகத்தையே முடக்கும் என்பதற்குத் தென்கொரியாவின் சொக்போ ஆலை சான்று. நக்டோங் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள அந்த ஆலை, கழிவுநீர் விதிமீறலுக்காக 2025 பிப்ரவரி இறுதியிலிருந்து 58 நாள்கள் மூடிவைக்கப்பட்டது.

தூத்துக்குடியில் மூடப்பட்ட ஆலையும் இதுவும் ஒரே வகையா?

உரிமையாளர் குழுமம் ஒன்று, தொழில் வேறு. தூத்துக்குடியில் இருந்தது செம்பு உருக்காலை. அங்கே தாது உருக்கப்பட்டு, வார்த்த செம்புத் தகடே நேர்மின்வாயாகிக் கரைந்து மறுபக்கம் தூய்மையாகப் படியும். அதற்கான மின்சாரம் துத்தநாகத்துக்கு ஆவதில் சிறு பங்கே. கந்தக டை ஆக்சைடு வாயுவும், அதிலிருந்து அமிலமும், ஆர்செனிக் மேலாண்மையும் இரண்டுக்கும் பொது. 2018 மே 22, 23 நாள்களில் போராட்டத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்ததை அடுத்து, அம்மாத இறுதியில் தமிழ்நாடு அரசு அந்த ஆலையை மூடியது; மேல்முறையீட்டை 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எந்த உலோகமானாலும், வாயுக் கண்காணிப்பின் தரவுகளைச் சுற்றுவட்டார மக்கள் நேரடியாகப் பார்க்க வழியில்லாத ஆலை மீது நம்பிக்கை வளர்வது அரிது.

வயலுக்கு இடும் துத்தநாக சல்பேட்டும் இந்த ஆலைகளிலிருந்துதான் வருகிறதா?

நேரடியாக அல்ல. நெல் நடவுக்கு முன் ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை 50 கிலோ மணலோடு கலந்து இடும்படி தமிழ்நாட்டில் பரிந்துரைக்கப்படுகிறது. அந்த உப்பைப் பெரும்பாலும் சிறு தொழிற்கூடங்கள், முலாம் பூசும் தொட்டிகளில் ஒதுங்கும் துத்தநாகச் சாம்பலையும் கசடையும் கந்தக அமிலத்தில் கரைத்துத் தயாரிக்கின்றன. அந்தச் சாம்பலில் ஈயமும் காட்மியமும் தங்கியிருக்கக் கூடும் என்பதால், உரக் கட்டுப்பாட்டு ஆணை அவற்றுக்கு வரம்பு விதித்துள்ளது. மூட்டையில் தரக்குறியீடு உள்ளதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

இத்துறையில் சேர விரும்பும் மாணவர்கள் என்ன படிக்கலாம்?

உலோகவியல், வேதிப் பொறியியல், மின் பொறியியல் ஆகிய மூன்றும் நேரடியாகப் பயன்படும். திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் உலோகவியல் துறை உள்ளது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், மின்வேதியியலை மையமாகக் கொண்ட பொறியியல் படிப்பை நடத்துகிறது. மின்பகுப்புக் கூடத்தின் அடிப்படைகளை இவ்வளவு அருகிலிருந்து கற்கும் வாய்ப்பு நாட்டில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு இயக்குபவர், கருவிப் பராமரிப்பு, ஆய்வக உதவியாளர் பணிகள் உண்டு. பணியிடம் பெரும்பாலும் ராஜஸ்தான். வேலை மூன்று ஷிப்ட். வறுக்கும் உலையை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது பற்றவைக்க முடியாது என்பதால், பண்டிகை நாளிலும் ஒரு ஷிப்டு உள்ளே இருக்கும்.